கடலோரக் கிராமத்துக்கு எந்தக் குடிநீர், எந்தக் கழிப்பறை? ராமநாதபுரத்தை முன்வைத்து ஓர் ஒப்பீடு

ராமநாதபுரம் மாவட்டத்தில், சாயல்குடிக்கும் ஏர்வாடிக்கும் இடைப்பட்ட கடலோரத்தில், முந்நூறு வீடுகளும் ஆயிரத்து ஐந்நூறு பேரும் உள்ள ஓர் ஊராட்சி, வரும் ஐந்தாண்டுகளுக்கான குடிநீர், கழிப்பறைப் பணிகளை முடிவு செய்யக் கூடியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் முன் இருக்கும் வழிகள் எல்லாருக்கும் தெரிந்தவையே. குடிநீருக்குக் காவிரிக் கூட்டுக் குடிநீர், ஊரணி, உவர்நீரின் உப்பை நீக்கும் ஆர்.ஓ. நிலையம், கூரை மழைநீர் ஆகியவை உண்டு. கழிப்பறைக்கு இரட்டைக் குழி, செப்டிக் டேங்க், தண்ணீர் ஊற்றாத சூழல் கழிப்பறை ஆகியவை உண்டு. வழக்கமாக இவ்விரண்டும் தனித்தனிக் கோப்புகளில், தனித்தனி நிதித் தலைப்புகளில், வெவ்வேறு ஒப்பந்தக்காரர்களிடம் போய்ச் சேருகின்றன. மண்ணுக்குள் அத்தகைய பிரிவினை எதுவும் இல்லை. மேற்குத் தெருவில் தோண்டிய குழியின் கசிவு கிழக்குத் தெருக் கிணற்றில் வந்து சேர்வதற்குத் துறை அனுமதி தேவைப்படுவதில்லை. ஆகவே இரண்டையும் சேர்த்தே ஒப்பிடுகிறேன். கட்டும் செலவைவிட, பழுதானால் அதை யார், எத்தனை நாளில், எந்தப் பணத்தில் சரிசெய்வார்கள் என்பதற்கே கூடுதல் மதிப்பெண் தருகிறேன்.

முதலில் தேவையின் அளவைப் பார்க்க வேண்டும். 2019 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம், கிராமத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று அளவு வைத்திருக்கிறது. நம் ஊருக்கு அது 82,500 லிட்டர் ஆகும். ஆனால் குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு ஐந்து லிட்டர் போதும் என்று கொண்டால், ஊர் முழுவதற்கும் 7,500 லிட்டர்தான் வேண்டும். இவ்விரு எண்களுக்கும் இடையில் பதினொரு மடங்கு வேறுபாடு இருக்கிறது. ஊரணியும் மழைநீரும் ‘போதாது’ என்று ஒதுக்கப்படும்போது பெரும்பாலும் முதல் எண்ணை வைத்தே அளக்கிறார்கள், ஆர்.ஓ. நிலையம் ‘போதும்’ என்று விற்கப்படும்போது மட்டும் இரண்டாவது எண் மேசைக்கு வருகிறது.

2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் செயல்பாட்டுக்கு வந்த ராமநாதபுரம் கூட்டுக் குடிநீர்த் திட்டம் சுமார் 616 கோடி ரூபாய் செலவில் அமைக்கப்பட்டது. திருச்சியை ஒட்டிய காவிரிப் படுகையில் எடுக்கப்படும் நீர், புதுக்கோட்டை, சிவகங்கை மாவட்டங்களுக்கும் பங்கு கொடுத்தபடி, இடையிடையே ஏற்றுநிலையங்களால் உந்தப்பட்டு இந்தக் கடலோரம் வரை வருகிறது. நான்கு வழிகளில் ஆண்டு முழுவதும் குளிக்கவும் துவைக்கவும் சேர்த்துத் தரக்கூடியது இது ஒன்றுதான். மண்ணில் உவர் ஏறிய ஒரு மாவட்டத்தில் தெருக்குழாயைத் திறந்தால் உப்புக் கரிக்காத நீர் வருவது சாதாரண மாற்றம் அல்ல. எட்டுக் குடம் வைத்த தள்ளுவண்டியை மைல் கணக்கில் தள்ளிய பெண்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

ஆனால் நம் ஊர் அந்தக் குழாயின் கடைமடையில் இருக்கிறது. குழாய் எவ்வளவு நீளமோ அவ்வளவு இடங்களில் அது பிறருடைய தயவில் இருக்கிறது. மேலே ஓர் ஏற்றுநிலையத்தில் மின்சாரம் நின்றால், சாலை விரிவாக்கத்தில் பொக்லைன் குழாயை உடைத்தால், வழியில் ஏர் வால்வு கசிந்தால், இங்கே தரைமட்டத் தொட்டி நிரம்பாது. அதிலிருந்து நீர் ஏறாமல் மேல்நிலைத் தொட்டியும் நிரம்பாது. அதற்குள் முதல் தெருவில் சிலர் இணைப்பில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சினால், கடைசித் தெருவுக்குக் காற்றுதான் வரும். இப்பழுதுகளில் கடைசி ஒன்றை மட்டுமே ஊராட்சியால் தடுக்க முடியும். மற்றவற்றுக்குக் குடிநீர் வடிகால் வாரியத்துக்குத் தகவல் சொல்லிவிட்டுக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

தரத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. தலைமையிடத்தில் கலந்த குளோரின், நீண்ட பயணத்தில் குறைந்துகொண்டே வரும். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்பது விதி. அதற்கு உள்ளூர்த் தொட்டியில் மீண்டும் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்ற வேண்டியிருக்கிறது. முப்பது சதவீதக் குளோரின் உள்ள தூளில் ஆயிரம் லிட்டருக்கு மூன்றரை கிராம் இட்டால் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் கிடைக்கும். முப்பதாயிரம் லிட்டர் தொட்டிக்கு அது நூறு கிராமைச் சற்றே தாண்டும். கணக்கு எளிதுதான். கடலோர ஈரக்காற்றில் வாய் திறந்து கிடந்த மூட்டையில் அந்த முப்பது சதவீதம் இருக்குமா என்பதுதான் சிக்கல். குழாய்த் தண்ணீரில் இரண்டு சொட்டுச் சோதனைக் கரைசல் விட்டு, மஞ்சள் நிறம் வருகிறதா என்று பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களச் சோதனைப் பயிற்சி தரும் ஏற்பாடு இதற்காகத்தான். தொட்டியின் பாதுகாப்பு பொறியியலோடு முடிவதும் இல்லை. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சாதியினர் குடித்துவந்த மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்த பிறகு, தொட்டியின் மூடியும் பூட்டும் ஏணியும் யார் பொறுப்பில் இருக்கின்றன என்ற கேள்வியையும் குடிநீர்க் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும்.

அடுத்தது ஊரணி. இதைப் பழம்பெருமையாகப் பேசுவோரும் பழங்குப்பையாகப் பேசுவோரும் உண்டு. இரு சாராருமே கணக்குப் போடுவதில்லை. இம்மாவட்டத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடுகிறது. அறுபது மீட்டர் நீளமும் அறுபது மீட்டர் அகலமும் உள்ள ஓர் ஊரணியில் நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று மிதமாகவே கொண்டாலும், மழையற்ற எட்டு மாதங்களில் 1.2 மீட்டர் உயரமுள்ள நீர், அதாவது 43 லட்சம் லிட்டர், வெயிலுக்குப் போய்விடும். அதே எட்டு மாதத்தில் ஊர் முழுவதும் குடிக்கவும் சமைக்கவும் எடுப்பது 18 லட்சம் லிட்டர்தான். இரண்டையும் சேர்த்தால் 1.7 மீட்டர் ஆழ நீர் வேண்டும். கசிவுக்கும் அடிச்சேற்றுக்கும் ஒரு மீட்டர் கூட்டினால், மழைக்காலம் முடியும்போது மூன்று மீட்டர் நீர் நிற்கும் ஊரணி ஒன்று அடுத்த மழை வரை இந்த ஊருக்குக் குடிநீர் தரும். அகலப்படுத்துவதைவிட ஆழப்படுத்துவது நல்லது என்பதும் இக்கணக்கிலிருந்தே தெரிகிறது. அதற்கும் எல்லை உண்டு. அடியில் இருக்கும் களிமண் படுகையை இயந்திரம் வெட்டித் தாண்டிவிட்டால், நல்ல நீர் கீழே இறங்கிவிடும் அல்லது உவர் மேலே ஏறிவிடும். வண்டலை மட்டும் எடுக்க வேண்டிய இடத்தில், கன மீட்டர் கணக்கில் பில் போடும் ஆர்வத்தில் களியையும் அள்ளிக் கெடுத்த ஊரணிகள் இப்பக்கத்தில் இருக்கின்றன.

ஊரணி நீர் உப்பில்லாதது. ஆனால் கிருமியற்றது அல்ல. குடிநீருக்கான இந்தியத் தர அளவு 100 மில்லிலிட்டரில் ஈ.கோலி கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்கிறது. திறந்த நீர்நிலை எதுவும் அந்தச் சோதனையில் தேறாது. பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை உரைத்து, கலங்கலைத் தெளியவைக்கும் வழக்கம் இங்கே இன்றும் இருக்கிறது. அது மண்ணைப் படியவைக்கும், கண்ணுக்குத் தெளிவு தரும். அதை நம்பிக் காய்ச்சாமல் குடிக்க முடியாது. கரையோரத்தில் மணல் வடிகட்டியும் அதற்கு அப்பால் மூடிய கிணறும் கட்டி, கிணற்றிலிருந்து மட்டும் கைப்பம்பில் நீர் எடுக்கச் செய்து, அந்த நீரிலும் குளோரின் இட்டால்தான் ஊரணி நீரைக் குடிநீர் என்று சொல்லலாம். ஊரணிக்குள் குடத்தோடு இறங்குவது அப்போது நின்றுவிடும். இதன் பழுதுகள் அனைத்தையும் ஊரிலேயே சரிசெய்யலாம்: மணலை வாரி அலசிப் போடுவது, வேலி கட்டுவது, வரத்துக்காலில் வளர்ந்த சீமைக்கருவேலத்தை வெட்டுவது ஆகியவற்றுக்கு வெளியூர் பொறியாளர் வர வேண்டியதில்லை. மாவட்டத்தில் தானம் அறக்கட்டளை போன்ற அமைப்புகள் ஊர்மக்களோடு சேர்ந்து ஊரணிகளைச் சீரமைத்த முன்மாதிரிகளும் உண்டு. யார் இறங்கலாம், யார் எட்ட நிற்க வேண்டும் என்று சாதி பார்த்த நீர்நிலையும் இதுதான் என்பதை மறைத்துவிட்டு இதைப் பாராட்டக் கூடாது. கைப்பம்பை எந்தத் தெருவுக்கு அருகில் வைப்பது என்பதைக் கிராம சபையில் எல்லார் முன்னிலையிலும் முடிவு செய்வது அதனால்தான் முக்கியமாகிறது.

ஆர்.ஓ. நிலையத்தின் கவர்ச்சி அதன் வேகத்தில் இருக்கிறது. ஓர் அறை, ஒரு போர்வெல், மூன்று மாதத்தில் திறப்பு விழா, இருபது லிட்டர் கேன். உப்பு நீக்குவதில் அது குறை சொல்ல முடியாத கருவி. கரைந்த திண்மங்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு நீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுக்கலாம் என்பது தர அளவு. இங்குள்ள போர்வெல் பலவற்றின் நீர் அந்த மேல்வரம்பையும் தாண்டியது. ஆனால் சிறு நிலையங்களில் ஏற்றும் நீரில் பாதியோ அதற்கும் மேலோ கழிவாக வெளியேறும். இருமடங்கு உப்பேறிய அந்த நீரைக் கட்டடத்துக்குப் பின்னால் விடும் வழக்கம், அதே போர்வெல்லின் அடுத்த ஐந்தாண்டைக் கெடுக்கிறது. உப்பை வடிகட்டும் சவ்வு மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் மாற்றப்பட வேண்டியது. அதற்கான பணத்தை முதல் நாளிலிருந்தே தனியாகச் சேர்க்காத ஊரில், சவ்வு அடைத்த நாளோடு நிலையம் பூட்டப்படும். இதே மாவட்டத்தின் நரிப்பையூரில் நாளொன்றுக்கு 38 லட்சம் லிட்டர் திறனில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைந்தது. அந்த அளவு என்றால் தனி ஆட்கள், தனி மின்பாதை, கழிவைக் கடலுக்கே திருப்பும் குழாய் எல்லாம் வைக்க முடியும். ஒற்றை ஊராட்சியால் அது ஆகாது.

ஆர்.ஓ.வுக்கு ஒரு தனி நியாயம் உண்டு. 2016 வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது; ஊரணிகள் நிரம்பவில்லை, மேட்டூரின் நீர்மட்டமும் அதே பருவத்தில் மிகத் தாழ்ந்திருந்தது; 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. உள்ளூர் மழையும் காவிரியும் ஒரே ஆண்டில் பொய்த்தால், மழையைச் சாராத நீர் கடலும் உவர்நீரும்தான். எனவே நான்கைந்து ஊராட்சிகளுக்குப் பொதுவாக, ஒன்றிய அளவில், ஆள் போட்டு நடத்தப்படும் ஒரு நிலையம் இருக்க வேண்டும் என்பேன். அது வறட்சிக்கான காப்பு. ஊருக்கு ஒன்றாகத் திறந்து அன்றாடம் குடிக்க நம்பும் நீராக அதை ஆக்கக் கூடாது.

கூரை மழைநீரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாற்பது சதுர மீட்டர் தளத்தில் ஆண்டுக்கு இருபத்தையாயிரம் லிட்டர் சேகரிக்கலாம். ஐந்து பேர் குடும்பத்துக்கு ஏழு மாதக் குடிநீருக்கும் சமையலுக்கும் ஐயாயிரம் லிட்டர் தொட்டி ஏறத்தாழப் போதும். 2003-இலிருந்து கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்றாலும், நிலத்துக்குள் விடும் குழிதான் பெரும்பாலும் கட்டப்பட்டது. அடியில் உவர் நிற்கும் இவ்வூரில் அதனால் குடிநீர் கிடைக்காது. மூடிய தொட்டியில் பிடித்தால்தான் பயன். ஓலை வீட்டுக்கும் தொட்டி வைக்க இடமில்லாத வீட்டுக்கும் இது எட்டாது என்பதால், இதைப் பொதுத் தீர்வாக்க இயலாது. புதிதாகக் கட்டும் தளவீடுகளுக்கும் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் நல்லது.

இனிக் கழிப்பறை. தூய்மை பாரத இயக்கம் வீட்டுக்கு 12,000 ரூபாய் ஊக்கத்தொகை தந்து பரிந்துரைத்தது இரட்டைக் குழி முறையை. ஒரு மீட்டர் விட்டமும் ஒரு மீட்டரைச் சற்றுத் தாண்டிய ஆழமும் கொண்ட இரு குழிகள். ஒன்று நிரம்ப ஐந்து பேருக்கு மூன்றாண்டு ஆகும். பிறகு சிறு சந்திப்புத் தொட்டியில் ஒரு வழியைக் கல் வைத்து அடைத்து, மற்றதைத் திறந்துவிடுவார்கள். மூடிய குழி இரண்டாண்டு கிடந்தால் மலம் நாற்றமற்ற எருவாகிவிடும்; வீட்டுக்காரரே மண்வெட்டியால் அள்ளலாம். செங்குத்துச் சரிவுள்ள கிராமப் பேசின் வைத்தால், ஒரு முறைக்கு இரண்டு லிட்டர் நீர் போதும். கடைமடை ஊருக்கு இது சிறு சலுகை அல்ல. ஃப்ளஷ் தொட்டி எட்டுப் பத்து லிட்டரை ஒரே முறையில் இறக்கும். குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் நீர் வரும் தெருவில் அப்படிப்பட்ட கழிப்பறைகள் விறகு அடுக்கும் அறையாக மாறுவதில் வியப்பில்லை.

மக்கள் இந்தச் சிறு குழியை நம்புவதில்லை என்பதுதான் நடைமுறைச் சிக்கல். ‘ரெண்டு வருசத்துல ரொம்பிட்டா என்ன பண்றது’ என்று கேட்டு, கிணற்றுக்கு இறக்குவதுபோல் பத்து உறை, பன்னிரண்டு உறை இறக்கி ஒற்றைக் குழியாகக் கட்டிக்கொள்கிறார்கள். அந்த ஆழத்தில் நிலத்தடி நீர் நிற்கிறது. கடற்கரை மணலில் உப்புநீருக்கு மேல் மெல்லிய படலமாக மிதக்கும் நன்னீர்தான் ஊற்றுகளில் கிடைப்பது. அதே படலத்துக்குள் மலக்குழியை இறக்கியபின் அந்த ஊற்றை யாரும் நம்ப முடியாது. குழியின் அடிக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே இரண்டு மீட்டர் மண் இருக்க வேண்டும் என்பது வழிகாட்டு விதி. பருமணலாக இருந்தால் குழியின் அடியைப் பூசி அடைத்து, சுற்றிலும் அரை மீட்டர் தடிமனுக்கு நுண்மணல் இட்டு, குடிநீர்க் கிணற்றிலிருந்து பத்து மீட்டராவது தள்ள வேண்டும். நீர்மட்டம் உயர்ந்த இடத்தில் குழியைத் தரைக்கு மேல் எழுப்பி, மண் அணைத்துக் கட்டலாம். கழிப்பறைக்கு மூன்று படி ஏற வேண்டியிருக்கும், முதியோருக்கு ஒரு கைப்பிடிக் குழாய் தேவைப்படும்.

செப்டிக் டேங்க் என்று இங்கே சொல்லப்படுவதில் பெரும்பங்கு செப்டிக் டேங்கே அல்ல. அடி பூசாத, ஒற்றை அறையுள்ள, வெளிப்போக்கு நேராக வாய்க்காலில் விழும் தொட்டிகள்தான் அவை. விதிப்படி இரு அறையும் உறிஞ்சுகுழியும் வைத்துக் கட்டினாலும், இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை லாரி வைத்து உறிஞ்ச வேண்டும். அந்த லாரி கழிவை எங்கே கொட்டும் என்பதற்கு நகராட்சிச் சுத்திகரிப்பு நிலையம் அருகில் இருந்தால்தான் நேர்மையான பதில் உண்டு. இல்லையேல் ஏதோ ஒரு கண்மாயின் உள்வாய்தான். லாரி வராத சந்தில் மனிதரை இறக்கும் ஆபத்தும் இருக்கிறது. மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடைசெய்யும் 2013 சட்டம் அதைக் குற்றமாக்கியது. கழிவுநீர்ச் சாவுகளுக்கான இழப்பீட்டை 2023-இல் உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்தியது. நூறு பிள்ளைகள் பயன்படுத்தும் பள்ளிக்கு இரட்டைக் குழி தாங்காது என்பதால், அங்கே மட்டும் முறையான செப்டிக் டேங்கை ஏற்கலாம்.

மூன்றாவதான சூழல் கழிப்பறையில் மலமும் சிறுநீரும் கழுவும் நீரும் தனித்தனித் துளைகளில் போகும். மலத்தின் மேல் சாம்பல் தூவுவார்கள். தரைக்கு மேல் கட்டிய இரு அறைகள் மாறி மாறிப் பயன்படும். நிலத்துக்குள் எதுவும் இறங்காது. காவிரிக் கரையில் நீர்மட்டம் உயர்ந்த முசிறிப் பகுதியில் ஸ்கோப் அமைப்பு இதை நிலைநாட்டிக் காட்டியது. அதன் மராச்சி சுப்புராமன் 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். பழக்கம்தான் இதன் பலவீனம். விருந்தாளிக்கும் குழந்தைக்கும் எந்தத் துளை எதற்கு என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும். கேஸ் அடுப்பு வந்த பிறகு சாம்பலுக்கும் தட்டுப்பாடு. ஆனால் சீமைக்கருவேலக் கரிமூட்டம் போடும் இந்த வட்டாரத்தில் சாம்பலும் கரித்தூளும் விலையில்லாமல் கிடைக்கும் என்பதால், மற்ற மாவட்டங்களைவிட இங்கே அதற்கு ஒரு கூடுதல் சாதகம் இருக்கிறது. எல்லா வீட்டிலும் திணிக்காமல், ஊரணியின் நீர்வரத்துப் பகுதிக்குள்ளும் நீர்மட்டம் மிக மேலே நிற்கும் தெருவிலும் உள்ள வீடுகளுக்கு மட்டும் இதை முன்வைப்பது சரியாக இருக்கும்.

ஆக, என் தேர்வு இது: அன்றாடப் புழக்கத்துக்கும் குடிக்கவும் காவிரிக் குழாய், அது வராத நாட்களுக்காக, வடிகட்டிக் கிணற்றோடு எப்போதும் தயாராக வைத்திருக்கும் குடிநீர் ஊரணி, ஊராட்சிக்கெனத் தனி ஆர்.ஓ. வேண்டாம், வீடுகளுக்கு அடி அடைத்த, தேவைப்பட்டால் உயர்த்திய, இரட்டைக் குழி. குழாய் வந்துவிட்டது என்று ஊரணியைக் கைவிடுவதுதான் நான் காணும் மிகப் பெரிய பிழை. குழாய் வந்த சில ஆண்டுகளில் வரத்துக்கால் தூர்ந்து, உள்வாயில் வீட்டுமனை வந்துவிட்டால், பிறகு எவ்வளவு பணம் கொடுத்தாலும் ஊரணி திரும்பாது.

பணத்தைப் பொறுத்தவரை, 15-ஆவது நிதிக்குழு ஊராட்சிகளுக்கான 2021 முதல் 2026 வரையிலான மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே கட்டிவைத்தது. கட்டுவதற்கு வழி இருக்கிறது, நடத்துவதற்குத்தான் இல்லை. வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் வைத்தால் முந்நூறு வீட்டில் 15,000 ரூபாய் சேரும். தொட்டி ஆபரேட்டரின் கூலியில் பெரும்பகுதியும் பிளீச்சிங் பவுடரும் வால்வு வாஷரும் அதில் அடங்கும். சவ்வு மாற்றும் செலவு அடங்காது என்பது ஆர்.ஓ.வைத் தள்ளுவதற்கு இன்னொரு காரணம். ஒடிசாவில் கிராம் விகாஸ் அமைப்பு, ஊரில் ஒரு வீடுகூட விடுபடாமல் எல்லாரும் கழிப்பறையும் குளியலறையும் கட்டச் சம்மதித்து, பொது நிதிக்குப் பங்கு போட்டால்தான் பணியைத் தொடங்குவது என்று வைத்திருந்த நிபந்தனை கடுமையானது. ஆயினும் இருபது வீடு திறந்தவெளியில் போனால் மீதி 280 வீட்டின் ஊரணியும் கெடும் என்பதால், அந்தக் கடுமைக்கு நியாயம் இருக்கிறது.

இந்தத் தேர்வு எல்லா ஊருக்கும் பொருந்தாது. உள்நாட்டுக் கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கரிசலில் நீர் உறிஞ்சாத களிமண் இருப்பதால், இரட்டைக் குழி மழைக்காலத்தில் திணறும். அங்கே குழியை அகலமாக்கி, சுற்றிலும் ஜல்லியும் மணலும் இட வேண்டியிருக்கும். ஊரணிக்கோ அதே களிமண் வரமாகும். நம் கடலோர ஊரிலும் வீட்டுக்கு வீடு முடிவு மாறலாம் என்பதால், நிலத்தடி நீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்பதை மழை முடிந்த மார்கழியில் தெருவாரியாக அளக்க வேண்டும். சித்திரையில் அளந்தால் ஆழமாகத்தான் தெரியும், குழியும் தவறான இடத்தில் இறங்கிவிடும். ஊரணியில் வண்டல் எடுக்கும் வேலைக்கு அதற்கு நேர்மாறாகச் சித்திரை முதல் ஆடி வரையிலான காய்ந்த மாதங்கள்தான் ஏற்றவை. அக்டோபர் 2 கிராம சபையில் இத்தீர்மானங்களை எடுத்துவந்தால் மழை முந்திக்கொள்ளும். மார்கழி அளவை வைத்துக்கொண்டு கழிப்பறை இடங்களை ஜனவரி 26-லும், ஊரணி வேலையை உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-லும் முடிவு செய்தால், ஐப்பசி மழைக்கு முன் இரண்டும் முடிந்துவிடும்.